நில்லாத நாயும் பேசிய கழுதையும்

போளூர்ச் சாலையில் சந்தவாசலில் இறங்கி மேற்கே திரும்பினால், சவ்வாது மலையின் அடிவாரத்தில் படவேடு வந்துவிடும். ஒரு காலத்தில் சம்புவராயர்கள் கோலோச்சிய தலைநகர் அது. இன்று அங்கே காண்பவை வாழைத் தோப்புகள், சிதறிக் கிடக்கும் பழங்கோயில்கள், மலையிலிருந்து இறங்கி வரும் கமண்டல நாகநதி, ஆடி மாதம் ரேணுகாம்பாள் சந்நிதிக்குத் திரளும் பெருங்கூட்டம் ஆகியவையே. அவ்வூரில் நம் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஞாயிறு திருப்பலிக்கு வெகுதூரம் பயணம் செய்து வருபவர். சென்ற மார்கழியில் ஒரு கேள்வி கேட்பதற்காகவே நம்மைத் தம் வீட்டிற்கு அழைத்திருந்தார்.

அவரிடம் ஒரு கறுப்பு லேப்ரடார் நாய் உண்டு. பெயர் ஜிம்மி. இரண்டு வயது நிரம்பியது. ஆற்று மணலில் பந்தை எறிந்து அதை எடுத்துவரச் செய்வது அவருக்குக் காலை நேரத்துப் பொழுதுபோக்கு. ஒருநாள் பத்து நிமிடம் இப்படி விளையாடியபின், ஜிம்மியின் பின்னங்கால்கள் ஆடத் தொடங்கின. குடித்தவன் நடைபோல இருந்ததாம். பிறகு அவை முற்றிலும் துவண்டன. ஆனாலும் அது நிற்கவில்லை. முன்னங்கால்களால் மணலைப் பற்றி, பின்னுடலை இழுத்துக்கொண்டே வந்து, பந்தை அவர் காலடியில் வைத்தது. வாலை ஆட்டியது.

“நான் மறுபடியும் எறிந்தேன், சார்” என்றார் நண்பர். “விளையாட்டு காட்டுகிறது என்று நினைத்தேன். அது மறுபடியும் போயிற்று.”

கால் மணி நேரத்தில் ஜிம்மி எழுந்துவிட்டது. மாலையில் எப்போதும்போலத் தோட்டத்தில் திரிந்தது. வெயில் தாக்கம் என்று முதலில் கருதிய கால்நடை மருத்துவருக்கு, குளிர்ந்த மார்கழிக் காலையில் வெயில் எங்கிருந்து வந்தது என்ற ஐயம் எழுந்தது. நாயின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சால் தடவி, மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். சில வாரங்களில் விடை வந்தது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, ஜிம்மி ஒரே பழுதின் இரண்டு படிகளைப் பெற்றுப் பிறந்திருக்கிறது.

இந்த நோயை உலகம் அறிந்தது நெடுங்காலத்திற்கு முன்பன்று. கடும் ஓட்டத்தின்போது லேப்ரடார்கள் சரிந்து விழுவதைப் பயிற்சியாளர்கள் பல ஆண்டுகளாகக் கண்டிருந்தனர். காரணம் தெரியவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு இணைந்தவர்களும் 2008இல் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் காரணத்தை வெளியிட்டனர். டைனமின் என்னும் புரதத்தை உருவாக்கும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்தப் புரதம் செய்யும் வேலையைப் படவேட்டுத் தோப்புக்காரர் ஒருவருக்குச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். ஆற்றிலிருந்து வாழைக்குக் குடம் குடமாக நீர் கைமாறிப் போகிறது. ஊற்றிய வெறுங்குடம் திரும்பி வந்தால்தான் அடுத்த நீர். நரம்பின் முனையிலும் தசைக்குச் செய்தி கொண்டுபோகும் நுண்பைகள் உண்டு. செய்தியைக் கொட்டியபின் அவற்றை மீட்டெடுத்து மறுபடி நிரப்ப வேண்டும். மீட்டெடுக்கும் வேலை டைனமினுக்கு உரியது. மெல்ல நடக்கும்போது பழுதுற்ற டைனமினும் ஈடுகொடுத்துவிடும். உடல் சூடேறி, உள்ளம் கிளர்ந்து, நரம்பு இடைவிடாமல் செய்தி அனுப்பும் வேளையில்தான் குடங்கள் திரும்பி வருவது தடைபடுகிறது. ஐந்து முதல் இருபது நிமிட ஓட்டத்திற்குள் பின்னங்கால்கள் செய்தியின்றி நின்றுவிடுகின்றன. வலி இல்லை. நினைவும் தப்புவதில்லை. பெரும்பாலான நாய்கள் விரைவில் தேறிவிடும். சில, ஓட்டத்தை உடனே நிறுத்தாவிட்டால், அங்கேயே இறந்துவிடும்.

நண்பருடைய கேள்வி இதைப் பற்றியதன்று. சோதனைக்கு முன்பே ஜிம்மி இரண்டு முறை இணை சேர்க்கப்பட்டிருந்தது. இரண்டு ஈற்றிலும் சேர்த்துப் பதினொரு குட்டிகள். அவை பல ஊர்களில் பல வீடுகளில் வளர்கின்றன. இப்போது மூன்றாவதாக ஒருவர் தம் பெண் நாயோடு சேர்க்கக் கேட்கிறார். நல்ல தொகை தருவார். மகளின் பேறுகாலச் செலவு நெருங்கும் நேரம். ஜிம்மியைக் காண்பவர் எவரும் அதற்கு ஒரு குறை உண்டென்று சொல்லமாட்டார்கள். “இதெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய காரியமா, சார்?” என்று கேட்டார். நமக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டோம்.

அவர் முதலில் சொன்னது நம் மனத்தை விட்டு அகலவில்லை. மறுபடியும் எறிந்தேன், அது மறுபடியும் போயிற்று. நாய் ஓட விரும்பியது உண்மை. எவரும் அதை அடித்து விரட்டவில்லை. விருப்பத்தோடு ஓடியதால் அதற்கு நேர்ந்தது அதன் பொறுப்பு என்று நாம் சொல்லிவிடலாமா?

எண்ணிக்கை நூலின் 22ஆம் அதிகாரத்தில் பிலயாமின் கழுதையை நாம் அறிவோம். வாளேந்தி நின்ற வானதூதரை எசமானர் காணவில்லை. கழுதை கண்டது. வழியை விட்டு விலகியது, சுவரோரம் ஒதுங்கியது, இறுதியில் படுத்தேவிட்டது. மூன்று முறையும் அடி வாங்கியது. பிறகே ஆண்டவர் அதன் வாயைத் திறந்தார் என்று படிக்கிறோம். நம் மறைக்கல்வி வகுப்புகளில் கழுதை பேசியதையே வியந்து சொல்வார்கள். ஆனால் கழுதை அதற்கு முன்பே மூன்று முறை பேசிவிட்டது என்பதே நம் எண்ணம். நகர மறுப்பதுதான் விலங்கின் மொழி. வண்டிமாடு நுகத்தடியில் படுத்துக்கொள்வதும், ஏற்றத்தில் குதிரை நின்றுவிடுவதும் அம்மொழியின் சொற்களே. மனிதன் அச்சொற்களைக் கேட்காமல் சாட்டையை எடுப்பது பழைய பாவம்.

ஜிம்மியின் செய்தியில் ஒரு புதிய பாவத்தைக் காண்கிறோம். அந்த நாய்க்கு மறுக்கத் தெரியவில்லை. மறுக்கத் தெரியாதபடி அதை ஆக்கியவர்கள் நாமே. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவரோடு உழைத்த நாய்களைப் பிரித்தானியப் பிரபுக்கள் 19ஆம் நூற்றாண்டில் தம் வேட்டைக்காகக் கொண்டுசென்று, தேர்ந்தெடுத்து வளர்த்தனர். 1903இல் பிரித்தானியக் கென்னல் கிளப் லேப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறையிலும், அலுக்காமல் ஓடுவதும், சுடப்பட்ட பறவையை எந்த நீரிலிருந்தும் கொண்டுவருவதும், ‘போதும்’ என்று சொல்லாததும் ஆகிய நாய்களுக்கே இணை தேடப்பட்டது. களைத்துப் படுத்த நாய் வழிமரபு இல்லாமல் போயிற்று. பயிற்சிக்களத்தில் விழுந்துபோகும் நாய்களில் பெரும்பாலானவை மிகுந்த துடிப்பும் ஆவலும் உடையவை என்று மருத்துவர்கள் குறித்திருக்கிறார்கள். வானதூதரைக் கண்டாலும் நில்லாத ஒரு கழுதையை நாம் உருவாக்கிவிட்டோம். அப்படியானால் நிற்க வேண்டிய இடத்தைக் காணும் கடமை யாருடையது? எறிந்த கையினுடையதுதான்.

அடியார்க்குப் பணிவு என்பது உயர்ந்த பண்பு. ஆனால் பணிபவனின் தயங்காமை ஏவுபவனின் கணக்கைத் தீர்த்துவிடுவதில்லை. படவேட்டு மக்கள் சொல்லும் ரேணுகையின் கதையிலும் தந்தை கட்டளையிட, மகன் பரசுராமன் தயங்காமல் நிறைவேற்றுகிறான். பிறகு அவனே தாயை மீண்டும் உயிர்ப்பிக்க வரம் கேட்கிறான். ஆபிரகாம் ஈசாக்கை மலைக்கு அழைத்துச் சென்றதை வாசிக்கும்போதும் நம் நெஞ்சு நடுங்கத்தான் செய்கிறது. கேள்வி கேளாமல் கீழ்ப்படியும் ஓர் உயிர் நம் முன் நிற்கும்போது, ஏவும் வாய் இருமடங்கு அஞ்ச வேண்டும் என்பதே அந்தந்த மரபின் பெரியோர் நமக்கு விட்டுச்சென்ற நடுக்கம்போலும்.

நாம் தேடும் அழகும் வேகமும் எப்படிப் பழுதைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருகின்றன என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. விப்பெட் என்னும் ஓட்ட நாயில், தசையின் வளர்ச்சிக்குக் கடிவாளமிடும் மரபணு ஒன்று பழுதடைந்திருப்பதை 2007இல் கண்டறிந்தார்கள். பழுதின் ஒரு படி இருந்தால் நாய் பந்தயத்தில் முந்துகிறது. இரண்டு படிகள் இருந்தால் தசை அளவுக்கு மீறிப் புடைத்து, ஓட்டத்திற்கே உதவாத உடலாகிறது. வெற்றி பெற்ற நாய்களையே இணை சேர்த்தவர்கள், தம்மை அறியாமலே இந்தப் பழுதையும் பேணி வந்திருக்கிறார்கள்.

அயல்நாட்டைச் சொல்லி நாம் தப்பிவிட முடியாது. நம் இராஜபாளையம் நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டபோது நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். அந்த இனத்தில் பால்போன்ற வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் விலை பெறும். நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் தேவைப்படுகின்றன. அவை அங்கே இல்லாமற்போனால் காது கேட்காது. வெண்மையையே தேடி, நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்ததன் பயனாக, செவிடாகப் பிறக்கும் குட்டிகள் அந்த இனத்தில் அறியப்பட்ட துயரமாக உள்ளன. எசமானர் கூப்பிடும் குரலைக் கேட்காத காவல்நாய்! நாம் விரும்பியது நிறம். அதற்கு விலை கொடுத்தது அது.

இனி, குற்றத்தின் கணக்குக்கு வருவோம். ஜிம்மியை விற்றவரிடம் நண்பர் செய்தியைச் சொன்னபோது, “என் நாய்கள் ஒன்றுகூட விழுந்ததில்லை” என்றாராம். அது உண்மையாகவே இருக்கலாம். இது ஒடுங்கு பண்பு. பழுதின் ஒரு படியை மட்டும் சுமக்கும் நாய் ஆயுள் முழுதும் துள்ளி ஓடும். அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால்தான் நான்கில் ஒரு குட்டிக்கு நோய் வர வாய்ப்பு. சோதிக்கப்பட்ட லேப்ரடார்களில் மூன்றில் ஒன்று அளவுக்கு இப்படிச் சுமப்பவை என்கிறார்கள். பிறவிப் பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டதை யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் சொல்கிறது. இயேசு இரண்டையும் மறுத்தார். தந்தையர் உண்டதற்குப் பிள்ளைகளின் பல் கூசும் என்ற பழமொழியை எசேக்கியேல் இறைவாக்கினரும் ஏற்கவில்லை. குருதியில் வரும் குறைக்குக் குற்றவாளியைத் தேடுவதை விவிலியம் நமக்குத் தடைசெய்திருக்கிறது. வெல்லவியலா அறியாமை குற்றத்தை நீக்கும் என்று நம் அறநெறி இறையியலும் நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறது. ஆகவே முதல் இரண்டு ஈற்றுக்கும் நண்பர்மீது பாவமில்லை.

அறிந்தபின்? இங்கேதான் அறிவு சுமையாகிறது. 2008க்கு முன் உலகில் எவர்மீதும் இல்லாத ஒரு கடமை, சோதனை முடிவு வந்த நாளில் படவேட்டு ஆசிரியர் ஒருவரின் திண்ணையில் வந்து அமர்ந்துவிட்டது.

இரத்த உறவின் ஆபத்தைத் திருச்சபை மரபணு அறிவியலுக்கு மிக முன்பே தன் வழியில் எண்ணிப் பார்த்திருக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1091ஆம் சட்டப்படி, பக்கவழி உறவில் நான்காம் படிவரை திருமணத் தடை உண்டு. தாய்மாமனும் அக்காள் மகளும் மூன்றாம் படி. அத்தை மகனும் மாமன் மகளும் நான்காம் படி. முறைப்பெண்ணை மணப்பதைப் பெருமையாகக் கொண்ட நம் குடும்பங்கள் எத்தனையோ, பங்குத்தந்தை வழியாக ஆயரிடம் விதிவிலக்குக் கேட்டு நின்றதை நாம் கண்டிருக்கிறோம். பலருக்கு அது வெறும் காகிதத் தொல்லையாகத் தோன்றும். நமக்கோ, கொஞ்சம் நின்று எண்ணிப்பார் என்று கழுதை படுத்துக்கொள்வதாகவே தோன்றுகிறது. நாய்ப் பண்ணையில் தந்தையை மகளோடு சேர்ப்பவர் யாரிடமும் விதிவிலக்குக் கேட்பதில்லை.

இந்த ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கக்கூடாது என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். பழுதுள்ள நாயை இணை சேர்க்காதே என்று சொல்லும் நாவு, குறையுள்ள மனிதர் பிறக்கவே கூடாது என்று சொல்லப் பழகிவிடலாம். 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகள் அப்படிச் சொல்லி, ஏழைகளையும் நோயாளரையும் கட்டாயமாகக் கருத்தடைக்கு உள்ளாக்கின. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1930இல் தம் சுற்றுமடலில் அதைக் கண்டித்தார். மனிதரை எவரும் ஒரு பயனுக்காக இணை சேர்ப்பதில்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் தனக்காகவே வருகிறது. நாயின் செய்தி வேறு. அது எப்படிப் பிறக்க வேண்டும் என்று திட்டமிட்டவர்களே நாம். நாம் போட்ட திட்டத்திற்கு நாம் பதில் சொல்லத்தான் வேண்டும். பிறந்துவிட்ட ஜிம்மியோ எந்தக் குறையும் சொல்லப்படத் தக்கதன்று. கடும் ஓட்டத்தைத் தவிர்த்தால் அது தன் காலம் முழுவதும் நலமாக வாழும்.

விலங்குக்கு நாம் உண்மையிலேயே கடன்பட்டவர்களா, அல்லது அதை வதைத்துப் பழகியவன் மனிதனையும் வதைப்பான் என்பதற்காக மட்டும் இரக்கம் காட்டுகிறோமா என்பது பழைய வாதம். புனித தோமா அக்குவினா இரண்டாவதையே வலியுறுத்தினார். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இன்னும் ஓர் அடி எடுத்துவைத்து, விலங்குகளுக்குக் கனிவு காட்ட மனிதர் கடன்பட்டிருக்கிறார்கள் என்றே கூறுகிறது. கடன் என்றால் திருப்பிச் செலுத்த ஒருவர் எதிரில் இருக்க வேண்டும். காலடியில் பந்தோடு நிற்கும் ஜிம்மியைப் பார்த்தபோது அந்தச் சொல் மிகைப்பட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

“அப்படியானால் இனி சேர்க்கவே கூடாதா?” என்று நண்பர் கேட்டார். எளிய விடை இல்லை. பழுதைச் சுமக்கும் நாய்களை எல்லாம் ஒரே நாளில் விலக்கினால், மீதமுள்ள சிறு கூட்டத்திற்குள் உறவு இன்னும் நெருங்கி, வேறு பழுதுகள் தலைதூக்கும். சோதித்துப் பழுதற்றது என்று உறுதியான பெண் நாயோடு ஜிம்மியைச் சேர்த்தால், குட்டிகள் எல்லாம் ஒரு படியைச் சுமக்கும், ஒன்றும் விழாது. பெண் நாய் சுமப்பதாக இருந்தால் பாதிக் குட்டிகளுக்கு நோய் வர வாய்ப்பு. ஆகவே கேள்வி, சேர்ப்பதா வேண்டாமா என்பதைவிட, சொல்வதா மறைப்பதா என்பதில் வந்து நிற்கிறது. நண்பர் அந்த மூன்றாமவரிடம் சோதனையைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். “நாய்க்கு எதுக்குங்க அதெல்லாம்? குட்டி அழகா வந்தா போதும்” என்று அவர் சொல்லிவிட்டார். தொகையை மறுபடி நினைவூட்டினார். நண்பர் இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு, வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். மகளின் செலவுக்கு அவர் வேறு இடத்தில் கைமாற்று வாங்கியதை அவர் மனைவிதான் நமக்குச் சொன்னார்.

அந்தப் பதினொரு குட்டிகள் எஞ்சின. திருமணத்திற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கிறார்களே, அது மணமக்களைப் பார்த்து அன்று, சபையைப் பார்த்து. தடை ஏதும் அறிந்தவர் வாய் திறக்கக் கடமைப்பட்டவர் என்பதே அதன் பொருள். குட்டி விற்கும் சந்தையில் ஓலை வாசிப்பார் இல்லை. அறிந்தவர் ஒருவரே, அவரே விற்றவர். பாவசங்கீர்த்தனத்தில் பொருளைத் திருடியவனுக்கு மன்னிப்போடு ஈடுசெய்யும் கடமையும் சொல்லப்படும். நண்பர் திருடவில்லை. ஆனாலும் தம்மிடம் இருக்கும் ஒரு செய்தி அந்தப் பதினொரு வீடுகளுக்கு உரிமையானது என்று நாம் சொன்னோம். சொல்வதற்கு எளிது. “என்னை ஏமாற்றுக்காரன் என்பார்களே” என்றார். சிலர் அப்படிச் சொல்லவும் கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை.

அவர் எழுந்து உள்ளே போய்ப் பழைய வகுப்புப் பதிவேடு ஒன்றை எடுத்துவந்தார். அதன் பின்பக்கத்தில் குட்டி வாங்கியவர்களின் ஊரும் தொலைபேசி எண்ணும் ஆசிரியர் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. நாம் பக்கத்தில் இருக்கும்போதே பேசத் தொடங்கினார். இரண்டு எண்கள் பயன்பாட்டில் இல்லை. ஒருவர் எரிந்து விழுந்தார். ஒரு வீட்டில் நன்றி சொல்லி, சோதனை எங்கே செய்வது என்று குறித்துக்கொண்டார்கள். ஐந்தாவது வீட்டில் ஒரு பெண்மணி எடுத்தார். நண்பர் தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கி, முடிப்பதற்குள் அவரே குறுக்கிட்டார். “ஓடும்போது பின்னால ஆடுமே, அதுவா சார்? வெயிலுன்னு நெனச்சுட்டோம். பையன் தெனமும் சைக்கிள் கூட ஓடவிடுறான்.”

“இனிமேல் ஓடவிட வேண்டாம் அம்மா. உடனே நிறுத்திடுங்க” என்றார் நண்பர். அவர் குரல் வகுப்பறைக் குரலாக இல்லை.

வெளியே வெயில் ஏறியிருந்தது. பந்தை நண்பர் என்றோ பரண்மேல் வைத்துவிட்டார். ஜிம்மி தோப்புக்குள் போய் எங்கிருந்தோ ஒரு தேங்காய் மட்டையைக் கவ்வி வந்தது. அதை நம் காலடியில் வைத்துவிட்டு, நம் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.